பழ ஈயும் பாடம் மறவாது

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் சின்னஞ்சிறு ஈக்களைக் கையால் விரட்டாத இல்லத்தரசியர் உண்டோ? மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்தப் பழ ஈக்குப் பாடம் புகட்டலாம், அதனை அது நெடுநாள் நினைவிலும் வைத்திருக்கும் என்றால் நகைக்கத் தோன்றும். எனினும் உண்மை அதுவே.

1974-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சீமோர் பென்சரும் அவர்தம் தோழர்களும் இதனை மெய்ப்பித்தனர். ஒரு வாசனையை நுகரச் செய்து, கூடவே மின்னதிர்ச்சியும் தந்தனர். பிறகு அவ்வாசனையைக் கண்டதுமே ஈக்கள் விலகி ஓடின. 1976-இல், கற்கத் திணறும் ஈ இனமொன்று அகப்பட்டது. 'மக்கு' என்று பொருள்படும் 'டன்ஸ்' என்னும் பெயரை அதற்குச் சூட்டினர். ஒரேயொரு மரபணுவின் பழுதே காரணம்! உயிரணுவுக்குள் செய்தி சுமக்கும் 'சைக்ளிக் ஏ.எம்.பி.' என்னும் பொருளைச் சிதைத்து அளவோடு வைக்கும் நொதி அந்த ஈயில் கெட்டிருந்தது. அப்பொருளை உண்டாக்கும் நொதி கெட்ட 'ரூட்டபேகா' ஈயும் கல்வியில் தேறவில்லை. மிகினும் குறையினும் கேடுதான்.

நெடுநாள் நினைவின் இரகசியம் 1994-இல் வெளிப்பட்டது. டிம் டல்லி குழுவினர் ஒரு கூட்ட ஈக்களுக்குப் பத்து முறை இடைவிடாது பாடம் நடத்தினர். மறு கூட்டத்திற்கு ஒவ்வொரு முறைக்கும் இடையே 15 நிமிட ஓய்வளித்தனர். முன்னவை சில நாட்களில் மறந்தன. ஓய்வுடன் கற்றவையோ ஒரு வாரம் கடந்தும் மறக்கவில்லை. தேர்வுக்கு முந்திய இரவில் விழித்திருந்து உருப்போடும் என் மாணவர் இதைப் படிப்பாராக! ஓய்வின்போது 'கிரெப்' என்னும் புரதம் சில மரபணுக்களை முடுக்கிவிட, புதிய புரதங்கள் உருவாகின்றன. அந்தப் புரதத்தைத் தடுத்தால் நெடுநாள் நினைவு மட்டும் உண்டாவதில்லை.

இந்நினைவு பதியும் இடம், ஈயின் மூளையில் பக்கத்திற்கு ஏறத்தாழ 2,000 நரம்பணுக்கள் கொண்ட 'காளான் உடலம்' ஆகும். தண்டனையையும் வெகுமதியையும் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் அங்கே அறிவிக்கின்றன. 2024-இல் வெளியான முழு மூளை வரைபடம் 1,39,255 நரம்பணுக்களைக் கணக்கிட்டது.

நினைவுக்கு விலையும் உண்டு. நெடுநாள் நினைவை உருவாக்கிய ஈக்கள், உணவும் நீரும் இல்லாதபோது மற்றவற்றினும் விரைவில் மடிவதை 2005-இல் கண்டனர். பட்டினி கிடக்கும் ஈயின் மூளை, மின்னதிர்ச்சிப் பாடத்தை நெடுநாள் நினைவாக்குவதையே நிறுத்திவிடுகிறது என்பது 2013-இல் தெரிந்தது. ஆனால் அதே பசித்த ஈக்கு வாசனையுடன் சர்க்கரையைக் கொடுத்தால், ஒரே பாடத்தில் அதனை நெடுநாள் நினைவில் கொள்கிறது.