மேட்டூர் நீர்மட்டம்: கணினியில் ஒன்று, இணையத்தில் வேறொன்று ஏன்?

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களின் குறுவை நடவுப் பரப்பையும் பவர் பிஐ டெஸ்க்டாப்பில் வரைபடமாக்கி இணையத்தில் ஏற்றுகிறீர்கள். கோப்பு அதேதான். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு இணையத்தில் திறந்தால் ‘இன்று’ என்ற இடத்தில் நேற்றைய தேதி நிற்கிறது. ஏன்?

இணையச் சேவை உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் கடிகாரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். ஆக, காலை 5.30 வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். உங்கள் கணினிக்கோ இன்று. சூத்திரத்தில் ‘டுடே’வை விட்டு ‘யுடிசி நவ்’ எடுத்து, ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே நாள் வரும்.

தேதி வடிவம் இன்னும் குறும்புக்காரன். வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12, உங்கள் கணினியில் 12/6. பிரவுசரின் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் 6/12. குறுவைக்கு டிசம்பரில் தண்ணீரா! மாதத்தை எழுத்தில் காட்டிவிடுவதே நல்லது.

வரைபடத்தில் ‘மயிலாடுதுறை’ என்ற பெயர் சாய்ந்தோ வெட்டுப்பட்டோ தெரிந்தால் எழுத்துருதான் காரணமாக இருக்கும். விண்டோஸில் இருக்கும் எழுத்துரு பார்ப்பவரின் கைபேசியில் இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும், அகலம் மாறிவிடும்.

எண்களே மாறியிருந்தால்? வரைபடத்தைத் திட்டாதீர்கள். இணையத்தில் தரவு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள்.