துணிக்கடை கிளினிக் ஆனது

நாக்பூரில் எங்கள் சங்கம் வாரந்தோறும் நடத்தும் இலவச வைத்திய முகாமுக்கு நிரந்தர இடம் ஒன்று அமைந்தது. மூடிக் கிடந்த ஒரு துணிக்கடை. மேலே ஒரு மாடி. "ரயில்வேயில் பாலமே கட்டியவர், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்று காரியதரிசி பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். நாலு பெஞ்சு, ஒரு மேஜை போட்டால் கிளினிக் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் சிக்கல் காற்று. கடைக்கு முன்னால் மட்டும் ஷட்டர். மற்ற மூன்று பக்கமும் அலமாரிச் சுவர். நாக்பூர் வெயிலில் புழுங்கும் என்பது ஒரு புறமிருக்க, காசநோய்க் கிருமி காற்றில்தான் பரவுகிறது. வெளிநோயாளர் பகுதியில் ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் புதுக்காற்று வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் சொன்னது. பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் 600 லிட்டர்! உள்ளே வரும் காற்று வெளியேறவும் வழி வேண்டும். ஆகவே பின்சுவரில் இரண்டு ஜன்னல்கள் திறந்தோம். ஒன்று டாக்டர் பக்கம், மற்றது கூடத்திலிருந்து செல்லும் நடைவழியில். மாடியின் பாரத்தைத் தாங்கும் சுவர் அது. முட்டுக் கொடுத்து, லிண்டல் பதித்த பிறகே உடைத்தோம்.

அடுத்தது படி. தரைமட்டத்திலிருந்து கடை ஒன்றரை அடி உயரம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12-க்கு 1 என்ற சரிவுக்கு மேல் போகக் கூடாது. அப்படியானால் 18 அடி நீளம். "வாசலில் 18 அடியா சார்?" என்று கமிட்டியில் மலைத்தார்கள். நீலகிரி மலை ரயில் பல்சக்கரத்தின் துணையோடு ஏறும் செங்குத்தான சரிவும் ஏறக்குறைய அதுதான்; நம் பாட்டிமார்களை அதைவிடச் செங்குத்தாக ஏறச் சொல்வதா என்று கேட்டேன். நடுவில் ஒரு மேடை வைத்து, 9 அடி வீதம் இரண்டாக மடித்துக் கட்டினோம்.

மூன்றாவது, என் தவறு. காற்றோட்டத்தை உத்தேசித்து, டாக்டர் அறைக்கு ஏழடி உயரப் பிளைவுட் தடுப்புதான் வைத்திருந்தேன், மேலே திறப்பு. திறந்த அன்று ஒரு அம்மாள் தம் உபாதையைச் சொல்லத் தொடங்க, கூடம் முழுவதும் கேட்டது. பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

கடைக்கு உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிய வேண்டும். கிளினிக்குக்கு மறைவு வேண்டும். இது எனக்கு அன்றுதான் உறைத்தது. மறுவாரமே கூரை வரை செங்கல் சுவர் எழுப்பினோம். அறையின் ஜன்னலோடு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் வைத்தோம். கதவை பெஞ்சுகளுக்கு எதிரே இல்லாமல் நடைவழிப் பக்கம் மாற்றினோம்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தால், திறப்பு விழாவுக்கு முன் ஒருமுறை பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே பேசுவது காதில் விழுகிறதா என்று பாருங்கள்.

அந்த அம்மாள் திரும்பி வந்தாரா என்று டாக்டரிடம் கேட்டேன். "அதை உங்களிடம் சொல்லக் கூடாது சார்" என்றார். நியாயம்தானே!