வெள்ளை கோட்டின் மேல் வண்டியை நிறுத்தினால் வழக்கு! "ரெண்டு நிமிஷம் தான் சார்" என்ற பேச்சு செல்லாது

புதுச்சேரி:

புதுவை நேரு வீதியில் மாலை நேரத்தில் நடந்து போகிறவர்களுக்கு இந்த கஷ்டம் தெரியும். பெரிய மார்க்கெட்டில் காய்கறி, மீன் வாங்கிக்கொண்டு ரெண்டு கையிலும் பையோடு ரோட்டை கடக்க வந்தால், வெள்ளை கோடு போட்ட இடத்தில் ஆட்டோ நிற்கும். அதை ஒட்டி ஒரு பைக். பைக்கின் சொந்தக்காரர் எதிர் கடையில் துணி பார்த்துக்கொண்டு இருப்பார். கேட்டால், "ரெண்டு நிமிஷம் தான், இதோ எடுத்துடறேன்" என்பார்.

அந்த ரெண்டு நிமிடத்துக்கு சட்டத்தில் இடம் இல்லை.

பாதசாரிகள் கடக்கும் இடத்திலும், சிக்னல் அருகிலும் வண்டியை நிறுத்தக்கூடாது என்று 1989-ம் ஆண்டு சாலை விதியிலேயே இருந்தது. அதற்கு பதிலாக 2017-ல் புதிய விதிமுறைகள் வந்தன. நடைபாதை மேலும், வெள்ளை கோட்டின் மேலும் பார்க்கிங் செய்யக்கூடாது, ரோடு சந்திப்பின் முனையில் இருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் கூடாது என்று அதில் உள்ளது. சிக்னல் இல்லாத இடத்தில் ஆள் கடந்தால், வண்டிக்காரர்தான் வேகத்தை குறைத்து, நின்று, வழிவிட வேண்டும். ஹாரன் அடித்து ஓட வைக்கக்கூடாது.

இன்னொன்று பலருக்கு தெரியாது. முன்னால் டிராபிக் நின்றுபோய், கோட்டை தாண்டி போக இடம் இல்லை என்றால், கோட்டுக்கு முன்பே நின்றுவிட வேண்டும். பச்சை விளக்கு எரிந்தாலும் கோட்டின் மேல் போய் நிற்கக்கூடாது. ராஜா தியேட்டர் சிக்னலிலோ, இந்திரா காந்தி சிலை சதுக்கத்திலோ நெரிசல் நேரத்தில் இதை செய்து பார்த்தால், பின்னால் இருப்பவர் ஹாரனை விடமாட்டார். ஆனாலும் விதி அதுதான்.

கோட்டின் பக்கத்தில் வண்டி நின்றால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறார்கள். நிற்கிற வண்டி யாரையும் இடிக்காது. ஆனால் ஆளை மறைக்கும். கோட்டை ஒட்டி ஒரு வேன் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முன்னால் இருந்து பள்ளிக்கூட பிள்ளை ஒன்று கால் எடுத்து வைக்கிறது. பிள்ளையின் தலை வேனின் உயரத்துக்கு வராது. பின்னால் 40 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் பைக், ஒரு வினாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். பிள்ளையை பார்த்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அந்த 11 மீட்டர் போய்விடும். வண்டி நிற்க அதற்கு மேல் தூரம் வேண்டும். இடித்தவர் மீது வழக்கு பாயும், வேன்காரர் டீ குடித்துவிட்டு கிளம்பிவிடுவார்.

இங்கிலாந்தில் 1951-ல் கருப்பு வெள்ளை பட்டை போட்டார்கள். அப்புறமும் நிற்கிற வண்டிகள் ஆளை மறைத்ததால், 1971-ல் பட்டைக்கு இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து கோடு போட்டு, அதற்குள் வண்டி நிறுத்தவும், முந்தவும் தடை போட்டார்கள். நம் நாட்டில் 2022-ம் ஆண்டு மட்டும் சாலை விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் இறந்தனர். இதில் 32 ஆயிரத்து 825 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர் என்று கணக்கு.

கோவையை சேர்ந்த எலும்பு சிகிச்சை டாக்டர் ராஜசேகரன் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டில் தொடர்ந்த சாலை பாதுகாப்பு வழக்கில், நடைபாதையில் நடப்பது உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 2025 மே மாதம் கோர்ட்டு கூறியது. அதாவது நடைபாதையில் பைக்கை ஏற்றி நிறுத்துபவர் அடுத்தவர் உரிமையில்தான் நிறுத்துகிறார்.

சரி, மாட்டினால் எவ்வளவு? 2019-ல் திருத்திய மோட்டார் வாகன சட்டப்படி, பொதுவான விதிமீறலுக்கு முதல் முறை 500 ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 1,500 ரூபாய் வரை அபராதம். போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிறுத்தினால் அதற்கு தனி பிரிவு இருக்கிறது, அதிலும் 500 ரூபாய் வரை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 285-வது பிரிவில், பொது வழியை மறித்தால் 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். பழைய சட்டத்தில் இது வெறும் 200 ரூபாய். கயிறு கட்டி வண்டியை இழுத்துப் போனால் அந்த செலவும் சொந்தக்காரர் தலையில்தான். சீருடையில் உள்ள போலீசாருக்கு அந்த அதிகாரம் உண்டு.

வண்டிக்காரர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. புதுவை டவுன் கட்டம் கட்டமாக அமைந்த ஊர். நடந்தால் சீக்கிரமே அடுத்த முனை வந்துவிடும். இந்த முனையில் 50 மீட்டர், அந்த முனையில் 50 மீட்டர் என்று கழித்தால் நிறுத்த மிச்சம் எங்கே என்று ஆட்டோ டிரைவர்கள் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கோடு அழிந்துபோன இடத்தில் எதை பார்த்து நிற்பது என்ற கேள்வியும் நியாயமானதுதான். கோட்டை பளிச்சென்று வைத்திருப்பதும், பார்க்கிங்குக்கு இடம் காட்டுவதும் அரசின் வேலை. அதற்காக தெரிகிற கோட்டின் மேல் நிறுத்திவிட்டு கடைக்குள் போவதை யாரும் நியாயம் என்று சொல்ல முடியாது.

சவாரி ஏற்றும் ஆட்டோக்கள் கோட்டை தாண்டி கொஞ்ச தூரம் போய் ஓரம் கட்டினால் போதும். சவாரிக்காரர் பத்து அடி கூட நடக்கட்டும். அபராதம் கட்ட நேர்ந்தால், வண்டி நம்பர், பிரிவு, தொகை மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து ரசீதை கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.