மழையா, வெயிலா, பனியா... எந்த சீசனுக்கு எந்த டென்ட்?

சனிக்கிழமை காலை. நைட் ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ் கிளம்பும்போதே வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்துவிடும். "மச்சி, ரெண்டு நாள் லீவு. ஒரு டென்ட் வாங்கிட்டு கொடைக்கானல் போலாமா?" உடனே பதில் வரும்... "அவ்ளோ தூரம் எதுக்குடா? செம்பரம்பாக்கம் ஏரியிலயே போட்டுரலாம்!"

இந்த இரண்டு இடத்துக்கும் ஒரே டென்ட் செட் ஆகாது. அதிலும் இரண்டாவது ஐடியா வேண்டவே வேண்டாம். ஏன் என்று கடைசியில் பார்ப்போம். முதலில் டென்ட்.

லேபிளில் என்ன இருக்கு?

ஆன்லைனில் தேடினால் '3 சீசன்', '4 சீசன்' என்று இருக்கும். '4 தானே பெருசு' என்று ஆர்டர் போட்டுவிடாதீர்கள். இது குளிர் நாடுகளின் கணக்கு. 4 சீசன் என்றால் பனிப்பொழிவையும் பலத்த காற்றையும் தாங்குவது. துணி கனமாக, ஜன்னல் குறைவாக இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் அதற்குள் படுத்தால் இட்லிப் பானைதான்! தமிழ்நாட்டுக்கு நல்ல 3 சீசன் டென்ட் போதும்.

'2 பேர்' என்று போட்டிருந்தால், இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்று அர்த்தம். பேக் வைக்க இடம் இருக்காது. இரண்டு பேருக்கு '3 பேர்' டென்ட் வாங்குவதே வசதி.

வெயில் காலம்

மார்ச் முதல் ஜூன் வரை காற்றோட்டம்தான் எல்லாமே. உள் கூடாரம் முழுக்க கொசுவலைத் துணியாக, இரண்டு பக்கமும் வாசல் இருப்பதாகப் பாருங்கள். மழை இல்லாத இரவில் மேலுறையைக் கழற்றிவிட்டால் காற்றும் வரும், கொசுவும் கடிக்காது. பகலில் வெயிலில் விரித்தே வைக்காதீர்கள். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு துணி சீக்கிரம் இற்றுப்போகும்.

மழைக்காலம்

இங்கே பார்க்க வேண்டியது மில்லிமீட்டர் கணக்கு. துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கசிய ஆரம்பிக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. சாதாரண மழைக்கு 1,500 மி.மீ. சமாளிக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும், ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போவதற்கும் 3,000 மி.மீ. இருந்தால் நல்லது. தரைத் துணிக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். நம் உடம்பு எடை அழுத்தும்போது கீழே இருக்கும் ஈரம் மேலே ஏறும்.

தையல் ஓரங்களில் டேப் ஒட்டியிருக்கிறதா, மேலுறை தரை வரை இறங்குகிறதா என்றும் செக் பண்ணுங்கள். அடியில் தார்ப்பாய் போட்டால், அது டென்ட்டைவிட வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் மழைநீரைப் பிடித்து உங்கள் முதுகுக்கு அடியிலேயே கொண்டுவந்து சேர்க்கும்.

மலையும் குளிரும்

1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அதாவது நம்ம ஏரியாவைவிட 12, 13 டிகிரி குறைவு. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனியே விழும். ஆனால், குளிரைத் தடுப்பது டென்ட் இல்லை. ஸ்லீப்பிங் பேக்கும், அடியில் விரிக்கும் பாயும்தான். டென்ட் காற்றையும் ஈரத்தையும்தான் தடுக்கும். கம்பி அலுமினியமாக இருந்தால் மலைக்காற்றுக்கு நல்லது. ஃபைபர் கம்பி விலை குறைவு, ஆனால் பிளந்துவிடும்.

காலையில் உள்ளே சொட்டுச் சொட்டாக ஈரம் இருந்தால், 'டென்ட் ஒழுகுது' என்று ரிட்டர்ன் போடாதீர்கள். நம் மூச்சுக்காற்றின் ஈரம்தான் குளிர்ந்த துணியில் படிந்திருக்கும். இரண்டு அடுக்கு டென்ட்டும், கொஞ்சம் திறந்த ஜன்னலும் போதும். குளிருக்காக ஜன்னலை எல்லாம் மூடிவிட்டு உள்ளே கரி அடுப்போ ஸ்டவ்வோ பற்ற வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார்.

சரி, எங்கே போடுறது?

செம்பரம்பாக்கம் ஏரி சென்னையின் குடிநீர். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 அன்று இங்கிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. எவ்வளவு மி.மீ. டென்ட்டாக இருந்தாலும் அதற்கு முன்னால் வெறும் துணிதான். நீர்ப்பிடிப்பில் காய்ந்து கிடக்கும் தரையும், மதகுக்குக் கீழே இருக்கும் கால்வாயும் தண்ணீரின் இடம். மலையிலும் அப்படித்தான். காய்ந்த ஓடையில் போடாதீர்கள். மேலே எங்கோ பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு விழாமலேயே வந்து சேரும்.

காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் இறந்ததை மறக்க வேண்டாம். வனத்துறை அனுமதித்த முகாம்களில் மட்டும் தங்குங்கள்.

டென்ட் வந்ததும் முதல் வேலை? ரூம் மொட்டைமாடியில் ஒருமுறை விரித்து, ஒரு பக்கெட் தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். ஒழுகினால் அங்கேயே தெரிந்துவிடும். நன்றாகக் காயவைத்து மடியுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் தாராளமாக குரூப்பில் மெசேஜ் போடுங்கள்... "மச்சி, கிளம்பலாமா?"