வீட்டில் ஓர் அன்னபூரணி

கொட்டாஞ்சேனையில் வாழும் பிள்ளைகள் துறைமுகத்துக் கப்பல்களின் ஊதல் ஒலியைக் கேட்டு வளர்கின்றனர். வெள்ளவத்தைப் பிள்ளைகளோ, இரயில் பாதைக்கு அப்பால் அடிவானத்தில் ஊர்ந்து செல்லும் கப்பல்களை மாலைதோறும் காண்கின்றனர். ஆயினும், “நம்மவர் கப்பல் கட்டியது உண்டா?” என்று அவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சோழர் கடற்படையைப் பற்றியே சொல்லுவர். பாடப் புத்தகம் அவ்வளவில் நின்றுவிடுகின்றது. அவர்தம் பூட்டனார் காலத்திலே, யாழ்ப்பாணத்து வடகரையிலே எழுந்த மரக்கலம் ஒன்று அமெரிக்கக் கரையைத் தொட்ட செய்தியை அறிந்தவர் சிலரே.

அக்கலத்தின் பெயர் அன்னபூரணி அம்மாள். 1930ஆம் ஆண்டில் வல்வெட்டித்துறையிலே, பெரும்பாலும் வேப்பமரங்கொண்டு கட்டப்பட்டது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி, பாய்மரங்கள் இரண்டு. அந்நாளில் வல்வெட்டித்துறைக் கலங்கள் தென்னிந்தியத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் சென்று வாணிகம் செய்தன. யாழ்ப்பாணத்துப் புகையிலை போயிற்று. அரிசியும் தேக்கும் வந்தன.

வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர், 1928 முதல் 1931 வரை ‘சுவாப்’ என்னும் சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றி வந்தவர். கப்பலின் தரம் அறிந்த அவர் 1936இல் அன்னபூரணியை விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் அதற்குப் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று புதுப்பெயர் சூட்டினார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதனைச் செங்கடல், சூயசுக் கால்வாய், மத்தியதரைக்கடல் வழியே செலுத்தி, அத்திலாந்திக்குப் பெருங்கடலையும் கடந்து, 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மசச்சூசெற்சு மாநிலத்துக் குளோசெற்றர் துறையை அடைந்தனர். வேம்பும் பாயும் கயிறும் கொண்டு கட்டிய கலம் அட்லாந்திக்கின் மறுகரையில் நங்கூரமிட்டதென்றால், அதனைக் கட்டிய ஓடாவிமாரின் கைத்திறத்தை என்னென்பது!

அந்த ஓடாவிமார் காகிதத்தில் வரைபடம் வரைந்து தொழில் செய்தவர் அல்லர். கண்ணே அவர்களுக்கு அளவுகோல். தகப்பன் கையைப் பார்த்துப் பழகிய மகனின் கையே ஏட்டுச்சுவடி. அத்தகைய கலை ஒரு தலைமுறை கைவிட்டால் மறைந்துவிடும். அதனை ஓரளவேனும் மீட்டறிய நம்மால் இயலக்கூடிய வழி ஒன்று உண்டு. வீட்டிலே, ஒரு மேசையின் மூலையிலே, அக்கப்பலின் மாதிரியுருவை அளவு பிசகாது மரத்தில் அமைத்துப் பார்ப்பதுதான் அது.

இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று எண்ணுதல் வேண்டா. பாரி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிழக்குக் கடல்களிற் பயணஞ் செய்தபோது, சோழமண்டலக் கரையின் தோணிகளையும் கட்டுமரங்களையும் அளந்து வரைந்தார். அவ்வரைபடங்களைக் கொண்டு பாரிசு நகரக் கடற்படை நூதனசாலைக்கு மாதிரியுருக்கள் செய்யப்பட்டன. நம் நாட்டிலும் சான்று உண்டு. பலகைகளைக் கயிற்றாற் தைத்துக் கட்டிய யாத்திரா தோணி என்னும் பெருங்கலம் இன்று ஒன்றேனும் இல்லை. ஆனால் தொடந்துவைக் குமாரகந்த விகாரையில் அதன் மாதிரியுரு ஒன்று இருந்தது. ஆராய்ச்சியாளர் அதனை அளந்தே அக்கலத்தின் அமைப்பைத் தெளிந்தனர். கப்பல் போனபின்பும் மாதிரியுரு சாட்சி சொல்லிற்று.

இனித் தொழிலுக்கு வருவோம். முதலில் அளவுத்திட்டம். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று கொண்டால், மாதிரியுரு உண்மைக் கலத்தின் 48இல் ஒரு பங்காகும். அன்னபூரணியின் உடல் 22¼ அங்குல நீளமும் 4¾ அங்குல அகலமும் பெறும். தொடர்மாடி வீட்டில் வாழ்வோருக்கும் இஃது அடங்கும். இந்த அளவில் ஐந்தரை அடி உயர மாலுமி ஒன்றரை அங்குலத்துக்கும் சற்றுக் குறைவாகவே நிற்பான். இரண்டு அங்குலக் கனமுள்ள பலகை ஒரு மில்லிமீற்றர் ஆகிவிடும்.

நீளமும் அகலமும் அறிந்தோம். பாய்மரத்தின் உயரத்தை எங்ஙனம் அறிவது? கப்பலை நேர் பக்கவாட்டில் எடுத்த புகைப்படம் உதவும். படத்தில் 89 அடி நீள உடல் எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து, பாய்மரம் எத்தனை மில்லிமீற்றர் என்பதையும் அளந்தால், பள்ளிக்கூடத்தில் படித்த விகிதசமக் கணக்கே உயரத்தைச் சொல்லிவிடும். சாய்வாக எடுத்த படம் மட்டும் ஏமாற்றும்.

அடுத்தது மரம். உண்மைக் கலம் வேம்பானாலும், சிறு துண்டுகளுக்கு வேம்பின் குறுக்கும் மறுக்குமான இழை ஒத்துவராது, சீவும்போது பிய்ந்துபோகும். நெருங்கிய இழையுள்ள பூவரசு நல்லது. தேக்கு, மகாகனித் துண்டுகளும் ஆகும். மொறட்டுவைத் தச்சுப் பட்டறைகளிற் கழித்த சிறு துண்டுகளே போதுமானவை. சிறு வாள், கூரிய கத்தி, அரம், மணற்றாள், உடைகவ்விகள், வெண்பசை ஆகியன இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

கப்பலுக்கு முதுகெலும்பு ஏரா. மனிதனுக்கு விலாவெலும்பு போன்றது வங்கு. ஏராவை நேராக நிறுத்தி, வங்குகளை அதன்மேற் செங்கோணத்தில் ஒட்டல் வேண்டும். இங்கே ஒரு மயிரிழை சாய்ந்தாலும் அணியம் வரை அக்கோணல் தொடரும். அதன்பின் பலகை வேய்தல். இதுவே பொறுமையைச் சோதிக்கும் கட்டம்.

கலத்தின் நடுவில் வங்கின் சுற்றளவு மிகுதி, அணியத்தில் குறைவு. ஆகவே ஒரே அகலமுள்ள பலகைகளைப் பதித்துக்கொண்டே போனால், அணியத்தில் ஒன்றன்மேலொன்று ஏறிவிடும். இதற்குக் கணக்கு எளிது. நடு வங்கின் ஒரு பக்கச் சுற்று 5 அங்குலம் என்றும், அணியத்தில் 3 அங்குலம் என்றும் வைத்துக்கொள்வோம். பலகை வரிகள் 20 ஆனால், ஒவ்வொரு பலகையும் நடுவில் கால் அங்குலமும், அணியத்தில் அங்குலத்தின் இருபதில் மூன்று பங்கும் இருத்தல் வேண்டும். பலகையைச் சுடுநீரில் ஊறவைத்து மெல்ல வளைத்து, உலர்ந்தபின் ஒட்டுக. இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என மாறிமாறிப் பதித்தல் முறை. ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் சென்றால், பலகைகளின் இழுவையால் ஏராவே வளைந்துவிடும். நம் கொழும்பு மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உண்டு பருக்கும் என்பதையும் நினைவிற் கொள்க. அக்காலத்தில் ஒட்டிய பலகை வெயில் வந்ததும் சுருங்கி, இடையிலே கீறு காட்டும்.

பின்னர் பாய்மரம், பருமல், கயிறு. ஓர் அங்குலத் தடிப்புள்ள கயிறு நம் அளவில் அரை மில்லிமீற்றர் நூலாகும். நூலைத் தேன்மெழுகில் இழுத்தெடுத்தால் பிசிர் அடங்கும். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பணி உண்டு. பணியில்லாக் கயிறு கப்பலில் இல்லை. எது பாய்மரத்தைத் தாங்குகின்றது, எது பாயைத் திருப்புகின்றது என்று கேட்டுக் கேட்டுக் கட்டும் பிள்ளை, காற்றை மனிதன் வசப்படுத்திய வித்தையைத் தன் விரலாலே கற்றுக்கொள்கின்றது.

மாதிரியுருவை நீரில் மிதக்கவிடலாமா என்று மாணவர் கேட்பர். விடலாம், ஆனால் சிறு காற்றுக்கே அது கவிழும். காரணம் கேளுங்கள். காற்றின் வேகம் ஒன்றாயிருக்க, பாயைச் சாய்க்கும் வலு 48ஐ மூன்று முறை பெருக்கிய அளவிற் குறைகின்றது. கலத்தை நிமிர்த்தும் வலுவோ 48ஐ நான்கு முறை பெருக்கிய அளவிற் குறைகின்றது. எனவே மாதிரியுருவைச் சாய்ப்பது 48 மடங்கு எளிதாகின்றது. ஏராவின் அடியில் ஈயம் தொங்கவிட்டாலன்றி நிமிர்ந்து நில்லாது. பெரிதைச் சிறிதாக்கினால் தோற்றம் ஒத்திருக்கும். இயற்கையின் விதிகள் அவ்வாறே ஒத்துவருவதில்லை. இவ்வுண்மையைப் பெளதிகப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் காட்டிலும் ஒரு தொட்டி நீர் நன்றாகக் கற்பிக்கும்.

முடிவாக ஒன்று. கப்பல் நிறைவெய்தியதும் அதன் பீடத்தில் ஒரு சிறு அட்டை ஒட்டுங்கள். நீளமும் அகலமும் பதிவிலிருந்து பெற்றவை. பாய்மர உயரம் படத்திலிருந்து கணித்தது. உள்ளறை அமைப்பு ஊகம் என்று உள்ளபடி எழுதுங்கள். எது அறிந்தது, எது ஊகித்தது என்று பிரித்துச் சொல்வதே கல்வியின் நேர்மை. முன்னோர் பெருமை பேசுவதில் நாம் சளைத்தவர் அல்லேம். ஆனால் அளவின்றிப் பேசிய பெருமை காற்றிற் போகும். அளந்து செய்த மாதிரியுரு, நாளை ஓர் ஆராய்ச்சியாளன் வந்து தொட்டுப் பார்க்கும்போதும் பொய் சொல்லாது.

மாலைதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஆறேழு மாதத்தில் வேலை முடியும். தந்தையும் தாயும் ஆண்மக்களும் பெண்மக்களும் ஒரே மேசையைச் சுற்றி அமரட்டும். ஊரிலே தாத்தா, பாட்டி, பெரியப்பா என முதியவர் எவரேனும் இருந்தால், அவரிடம் அணியம், பருமல், கலப்பற்று, தண்டையல் என்ற சொற்களின் பொருளைக் கேளுங்கள். அவர் சொல்லும் கதையையும் எழுதி வையுங்கள். ஓடாவிமார் விட்டுச் சென்ற உளியை நாம் எடுக்க இயலாமற் போகலாம். அவர்தம் சொற்களையாவது நம் பிள்ளைகள் இழவாதிருக்கட்டும்.