கராம்பு எண்ணெய் எத்தனை பஸ்ஸில் ஏறும்?

கண்டி மஹய்யாவவிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைத்த கராம்பு எண்ணெய்ப் போத்தலை மூட மறந்துவிட்டேன். இரண்டு நாளாக வீடெல்லாம் வாசம். ஆனால் எண்ணெய் மட்டம் மயிரிழையும் இறங்கவில்லை. இந்த வாசம் எங்கிருந்துதான் வருகிறது?"

எண்ணெயிலிருந்துதான். குறைந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. கராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜினோல். 25 பாகை செல்சியசில் அதன் நிரம்பலாவியமுக்கம், அதாவது காற்று இனி ஏற்காது என்னுமளவுக்கு நிரம்பியபின் அதன் ஆவி தரும் அமுக்கம், ஏறத்தாழ 3 பாஸ்கல். தண்ணீருக்கு அதே வெப்பநிலையில் 3,169. ஒரு லீற்றர் காற்று இதற்குமேல் ஏற்காது என்னுமளவுக்கு யூஜினோலால் நிரம்பினாலும் அதிலிருப்பது 0.2 மில்லிகிராம்தான். ஒடுங்கிய வாய்ப் போத்தலிலிருந்து ஒரு நாளில் வெளியேறுவது ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது. மூக்குக்கு அதுவே தாராளம்.

என்னை மயக்குவது அடுத்த கேள்வி: இத்தனை சிறிய அமுக்கத்தை எப்படி அளக்கிறார்கள்? அமுக்கமானியைப் பூட்டினால் அது ஏமாற்றும். எண்ணெயில் கொஞ்சம் நீர் கரைந்திருந்தாலும் மானி காட்டுவது பெரும்பாலும் நீரைத்தான். ஆகவே அமுக்கத்தை நேரே அளக்காமல், எண்ணெயைச் சுமந்து போகும் வாயுவிடம் கணக்குக் கேட்கிறார்கள். கண்ணாடி மணிகள் அடைத்த குழாயில் எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசி, வெப்பநிலை மாறாத தொட்டியில் அமிழ்த்தி, உலர்ந்த நைதரசனை மெதுவாக அதனூடே செலுத்த வேண்டும். வெளியே வரும் ஆவியைக் குளிர்வித்துப் பிடித்து, யூஜினோல் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கூடவே நீர் வந்தாலும் பாதகமில்லை, அதைத் தனியே பிரித்துவிடலாம்.

மஹய்யாவ பஸ் தரிப்பிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காத்து நிற்பவர்கள் யூஜினோல் மூலக்கூறுகள். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு வெறுமையாக வரும் பஸ்கள் நைதரசன். தரிப்பிடத்தில் கூட்டம் எவ்வளவு முண்டியடிக்கிறது என்று நேரே அறிய வழியில்லை. ஆனால் ஒவ்வொரு பஸ்ஸும் நிறைந்து போவது உறுதியானால், எத்தனை பஸ் போனது, எத்தனை பேர் போனார்கள் என்ற இரண்டு எண்களே போதும். பஸ் விரைந்து போனால் பாதிப்பேர்தான் ஏறியிருப்பார்கள், கணக்குக் குறையும். மிக மெதுவாக ஊர்ந்தால் பொறுமையிழந்தவர்கள் நடந்தே கண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அது பரவல், கணக்கைக் கூட்டிக் காட்டும். அதனால் வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டி, விடை அசையாத இடத்தைப் பிடிக்கிறார்கள். "நிறைந்த பஸ்" என்றால் இருக்கை தீர்ந்த பஸ் அல்ல. ஏறுபவரும் மனம் மாறி இறங்குபவரும் சமனான பஸ். நம் யூஜினோலுக்கோ பத்து இலட்சம் நைதரசன் மூலக்கூறுகளுக்குச் சுமார் முப்பது பயணிகள்தான். 20 மில்லிகிராம் சேர 100 லீற்றர் நைதரசன் வேண்டும். நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றர் என்றால் 33 மணித்தியாலத்துக்கும் மேல். ஒரே ஒரு எண்ணுக்காக ஒன்றரை நாள் காவல்!

இந்த முறையை நீராவியில் கையாண்டவர் 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிவியலாளர் ரெனியோ. ஊசித்துளை வழியே ஆவி கசியும் வேகத்தை அளக்கும் இன்னொரு வழியை டென்மார்க்கின் நூட்சென் 1909இல் தந்தார். வரலாறு இவ்வளவு போதும்.

எண்ணெய் கலவையாக இருக்கும்போதுதான் விடயம் சூடு பிடிக்கிறது. நுளம்பு விரட்டும் சிற்றொனெல்லா எண்ணெயில் சிற்றொனெல்லாலும் இருக்கிறது, சிற்றொனெல்லோல், ஜெரானியோல் என்ற, மெதுவாக ஆவியாகும் மூலக்கூறுகளும் இருக்கின்றன. சிற்றொனெல்லாலின் ஆவியமுக்கம் யூஜினோலினதைப் போலப் பத்து மடங்களவு. தரிப்பிடத்தில் பாடசாலைப் பிள்ளைகள் முதல் பஸ்ஸிலேயே பாய்ந்து ஏறிவிடுவார்கள், பெரியவர்கள் பின்தங்குவார்கள். காலையில் தோலில் பூசிய எண்ணெயும் மாலையில் எஞ்சியிருக்கும் எண்ணெயும் ஒன்றல்ல. "இயற்கை எண்ணெய், நாள் முழுதும் காக்கும்" என்று அச்சிட்ட போத்தலை நான் நம்பாததற்கு இதுவே காரணம். கண்டியில் டெங்கு விளையாட்டல்ல. எந்த வெப்பநிலையில், எந்தக் கூறுக்கு, எத்தனை பாஸ்கல் என்று சொல்லாத ஆவியமுக்கமும் அந்தப் போத்தல் வாசகம் போலத்தான், நம்ப முடியாது. யூஜினோல் 78 பாகையில் 133 பாஸ்கலுக்கு ஏறிவிடுகிறது, அறை வெப்பநிலையைப் போல நாற்பது மடங்குக்கும் மேல்.

வாசகிக்கு ஒன்று. போத்தலை மூடித்தான் வையுங்கள், எண்ணெய் பறந்துபோகும் என்பதற்காக அல்ல. யூஜினோல் ஒட்சிசன் பட்டால் மெல்ல மெல்லக் கபில நிறமாகிக் கெட்டுப்போகும். மூடி தடுப்பது வெளியே போவதைவிட உள்ளே வருவதைத்தான்.