வென்டிலேட்டர் நோயாளிக்கு எவ்வளவு மயக்கம் வேண்டும்?

மன்னார்புரம் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு புத்தூர் அண்ணல் காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு விரையும் 108 ஆம்புலன்ஸ்களில் நெடுஞ்சாலையில் அடிபட்டவர்களும் வருவார்கள். மூச்சு தாங்காதவருக்கு வாயில் டியூப், வென்டிலேட்டர். மறுநாளே ஐ.சி.யு. வாசலில் கேள்வி எழும்: "டாக்டர், இன்னும் கண்ணே திறக்கலையே?" பல நேரம் காரணம் மருந்துதான்.

வலி முதலில்

தொண்டையில் குழாய் இருப்பவரால் வலிக்கிறது என்று சொல்ல முடியாது. புருவம் சுருங்குகிறதா, கை விறைக்கிறதா, மெஷினோடு மல்லுக்கட்டுகிறாரா என்று நர்ஸ்தான் பார்த்து மதிப்பெண் போடுகிறார். 3 என்றால் வலியின் அறிகுறி இல்லை, 12 உச்சம்.

மிடசோலமும், பால் போல வெள்ளையாக இறங்கும் புரோபோஃபாலும் தூங்க வைக்கும், வலியைப் போக்காது. அதற்கு ஃபென்டனில், மார்ஃபின் வேண்டும். 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபினுக்காக மருத்துவமனைகள் பல உரிமங்கள் வாங்க அலைந்தன. 2014 திருத்தம் அதை எளிதாக்கியது.

தூக்கத்தைக் குறைத்தால்

ஆழ்ந்து உறங்கினால் சீக்கிரம் தேறுவார் என்றுதான் நமக்குத் தோன்றும். சிகாகோவில் 128 நோயாளிகளிடம் நடத்தி 2000-இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. தினமும் ஒருமுறை மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்த்தவர்கள் 4.9 நாளில் வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டார்கள், மற்றவர்களுக்கு 7.3 நாள் ஆனது. கூப்பிட்டால் கண் திறக்கும் அளவு லேசான மயக்கமே இன்று பெரும்பாலோருக்கு இலக்கு.

எல்லோருக்கும் அல்ல. தலைக்காயத்தில் மூளை அழுத்தம் ஏறியவருக்கும், வலிப்பு நிற்காதவருக்கும் ஆழ்ந்த மயக்கம்தான் பாதுகாப்பு. தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்து கொடுத்தால் மயக்கம் கட்டாயம். இல்லையேல் அசைய முடியாமல், எல்லாவற்றையும் உணர்ந்தபடி கிடப்பார். சிறுநீரகம் பழுதானவர் உடலில் மிடசோலம் தேங்குவதால், நிறுத்திய பிறகும் விழிக்கத் தாமதமாகலாம்.

குழம்பிப் பேசினால்

டியூப் எடுத்தபின், எப்போதோ இறந்த கணவரைப் பாட்டி தேடுவார். பேரனையே அடையாளம் தெரியாது. "புத்தி பேதலிச்சிடுச்சு" என்று வீட்டார் அழுவார்கள். இது டெலிரியம் என்னும் மனக்குழப்பம். பெரும்பாலும் வந்து போவது. மிடசோலம் வகை மருந்துகள் இதைக் கூட்டுவதால், பல மருத்துவர்கள் டெக்ஸ்மெடிடோமிடினை நாடுகிறார்கள்.

இங்கே உறவினருக்கும் வேலை உண்டு. மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் நர்ஸிடம் கொடுக்கலாம். பார்க்க விடும் நேரத்தில் அழாமல், இன்று என்ன கிழமை, எந்த ஆஸ்பத்திரி, யார் வந்திருக்கிறார்கள் என்று காதருகே சொல்லலாம். தினமும் மது குடிப்பவர், தூக்க மாத்திரை போடுபவர் என்றால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவை திடீரென நின்றாலும் நடுக்கமும் குழப்பமும் வரும்.